சீட்டில்லாத மீன்

எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில், யாரோ அன்பளித்த மீன்கள் சீசாக்களில் மிதக்கின்றன. சீட்டுகள் உதிர்ந்துவிட்டன; எங்கே, எப்போது பிடிபட்டவை என்பது இனி யாருக்கும் தெரியாது. “மீன்தான் இருக்கிறதே!” என்கின்றனர் தோழியர் சிலர். அது போதாது என்பதே எங்கள் கருத்து.

1938-ல் தென்னாப்பிரிக்காவில் வலையில் சிக்கிய விசித்திர மீனை, ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் வரைந்து, விவரம் குறித்து, அறிஞர் ஸ்மித்துக்கு எழுதினார். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சீலகாந்த் அது! உள்ளுறுப்புகளைக் காக்க இயலவில்லை. அடுத்த மீன் 1952-ல்தான் கிடைத்தது. ஆயினும், பிடிபட்ட இடம் தெரிந்திருந்ததால் சலும்னா ஆறு அதன் அறிவியல் பெயரிலேயே நிலைத்தது.

ஆகவே, இனி வரும் மீன்களுக்கேனும் இடம், நாள், தந்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, சீசாவின் உள்ளேயே இடுவோம்.