சாரலும் சறுக்கும் செயினும்

குற்றாலத்து அருவி நீர் வான்வரை எழும்பிச் சூரியனுடைய தேர்ச் சக்கரத்தையே வழுக்கச் செய்வதாகப் பாடி வைத்தார் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். அந்த மேலகரத்தைக் கடந்துதான் நாங்கள் மூவரும் விடுமுறை நாட்களின் விடிகாலையில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் சைக்கிளில் போகிறோம். மூவரும் ஒரே கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவர்கள், நாற்பதைக் கடந்தவர்கள். சூரியனுடைய தேரைப் பற்றி எங்களால் சாட்சி சொல்ல இயலாது. ஆனி, ஆடிச் சாரலில் கியர் சைக்கிளின் செயின் சறுக்குவதைப் பற்றி வேண்டுமளவு சொல்லலாம். லீவரைத் தட்டினால் செயின் நகராது. நகர்ந்தாலும் பல்லில் அமராமல் கடகடக்கும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும் நேரம் பார்த்துத் தானாகவே அடுத்த சக்கரத்துக்குத் தாவும்.

இதற்கு எங்கள் ஊரில் வழங்கும் தீர்ப்பு ஒன்றுதான். "கியரெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது சார், கழட்டிப் போட்டுருங்க." எங்கள் மாணவர்களின் வண்டிகளில் பாதிக்கு மேல் இத்தீர்ப்புக்கு ஆளானவை. சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய வண்டி, ஒரே பல்சக்கரத்தில் நிரந்தரமாகப் பூட்டப்பட்டு, லீவர் வெறும் அலங்காரமாக நிற்கிறது. தீர்ப்பு தவறானது என்பது எங்கள் கருத்து. இதைச் சொல்லும் தகுதி எங்களுக்குச் சற்றுத் தாமதமாகவும், ஒரு மணிக்கட்டின் விலையிலும் கிடைத்தது.

நடந்தது இது. ஒரு சாரல் காலத்தில் எங்களில் ஒருவரின் வண்டியில் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுத்தது. டீரெய்லரில், அதாவது செயினைத் தள்ளுகின்ற அந்தத் தொங்கும் கையில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கின்றன. திருகு என்று ஒன்று கண்ணில் பட்டால் திருப்பிப் பார்ப்பது மனித இயல்பு. செயின் மேலே வரட்டும் என்று அவற்றில் ஒன்றைத் தளர்த்தினோம். பயனில்லை. இன்னும் தளர்த்தினோம். பிறகு கேபிளில் எண்ணெய் விட்டு, அதையும் இழுத்துக் கட்டினோம். மறுவாரம் பேரருவியைத் தாண்டி ஐந்தருவிச் சாலையின் ஏற்றத்தில் நண்பர் லீவரைத் தட்டினார். செயின் பெரிய சக்கரத்தில் ஏறியது. நிற்காமல் அதையும் கடந்து போக்ஸ் கம்பிகளுக்குள் இறங்கியது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அவர் ஆறு வாரம் வலக்கையில் மாவுக்கட்டோடு, கரும்பலகையைத் தொடாமல் தொல்காப்பியம் நடத்தினார். திருகைத் தளர்த்திய கை எங்களில் யாருடையது என்பதை அவர் இன்றுவரை கேட்டதில்லை.

அந்தத் திருகுகள் வேலிகள். பெரும்பாலான வண்டிகளில் எல், எச் என்ற ஆங்கில எழுத்துகள் அருகே இருக்கும். எல், செயின் போக்ஸ் கம்பிப் பக்கம் போய்விடாமல் காக்கிறது. எச், சிறிய சக்கரத்தைத் தாண்டிச் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே விழாமல் காக்கிறது. இடைப்பட்ட கியர்கள் சரியாக விழுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

தொடர்பு உள்ளது கேபிளுக்கு. பழைய கியர் லீவரில் படிகள் கிடையாது. ஓட்டுபவர் செயினின் ஓசையைக் கேட்டுக்கொண்டே லீவரை நகர்த்தி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1984இல் ஜப்பானின் ஷிமானோ தன் பந்தய வண்டிப் பாகங்களில் சொடுக்குக்கு ஒரு கியர் என்ற முறையைக் கொண்டுவந்தது. அது வெற்றி பெற்று மற்ற வண்டிகளுக்கும் பரவியது. இம்முறையில் ஒவ்வொரு சொடுக்கும் கேபிளைக் குறிப்பிட்ட அளவே இழுக்கும். எட்டுப் பல்சக்கர வண்டியில் சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள தூரம் 4.8 மில்லிமீட்டர், லீவர் இழுக்கும் கேபிளோ மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தக் கணக்கில் கேபிள் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தாலே செயின் இரு சக்கரங்களுக்கு நடுவே தவிக்கும். லீவருக்கு எண்ணத்தான் தெரியும். செயின் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே முதலில் தொடவேண்டியது டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் விரலாலேயே திருகக்கூடிய சிறு குமிழ். (சில வண்டிகளில் அது லீவரின் அருகில் மட்டும் இருக்கும்.) அது வெளியே வரும்படி திருகினால் கேபிள் இறுகும், உள்ளே போகும்படி திருகினால் தளரும். பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இறுக்க வேண்டும்; சிறிய சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் தளர்த்த வேண்டும். அரைச் சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே பார்த்தால், கடகடப்பு அடங்கும் இடம் காதுக்கே தெரிந்துவிடும்.

புது வண்டிக்கு இவ்வளவே போதும். எங்கள் ஊர்ச் சாரலில் ஓடிய வண்டிக்குப் போதாது. இறுக்கினால் இறங்க மறுக்கிறது, தளர்த்தினால் ஏற மறுக்கிறது என்று இரண்டு பக்கமும் அடம் பிடித்தால் குற்றம் அளவில் இல்லை. அவுட்டருக்குள் துரு இருக்கிறது. பின்சக்கரத்தின் அருகே வளைந்து வரும் அந்தச் சிறிய அவுட்டர் துண்டில்தான் நீரும் சேறும் தங்குகின்றன. எங்கள் நண்பரின் வண்டியிலும் நோய் அங்கேதான் இருந்தது. நாங்கள் வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். செயினைப் பெரிய சக்கரத்தில் ஏற்றி வண்டியை நிறுத்திவிட்டு, மிதிக்காமல் லீவரை மட்டும் கடைசிவரை இறக்கினால் கேபிள் தொய்யும். சட்டத்தில் அவுட்டரைத் தாங்கும் இடம் பிளவுபட்டதாக இருந்தால் அவுட்டரை உருவிக் கேபிளைத் துடைத்துப் பார்க்கலாம். செந்நிறம் கண்டால் கேபிளையும் அவுட்டரையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று, கல்லூரி நிறுத்துமிடங்களுக்கே உரியது. ஒரு வண்டியை உருவினால் வரிசையாகப் பத்து வண்டிகள் சாய்கின்றன. வலப்பக்கம் விழுந்த வண்டியில் டீரெய்லரைத் தாங்கும் காது வளைந்துவிடும். பின்னாலிருந்து பார்த்தால் தொங்கும் இரு குட்டிச் சக்கரங்களும் மேலேயுள்ள பல்சக்கரத்துக்கு நேர்கீழே நிற்க வேண்டும். கோணியிருந்தால் எந்தக் குமிழும் உதவாது. தேய்ந்த செயினும் அப்படித்தான். அடிக்கோலை வைத்து 12 கண்ணிகளை அளந்தால் 12 அங்குலம் இருக்க வேண்டும்; அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

நம் பெரியவர்கள் கியரா வைத்திருந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சும் இக்கட்சிக்காரர்தான். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கே கியர் என்பது அவர் எண்ணம் என்பார்கள். 1903இல் தொடங்கிய அப்பந்தயத்தில் டீரெய்லருக்கு அனுமதி கிடைக்க 1937 வரை ஆயிற்று. நம் பெரியவர்கள் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

சைக்கிள் கடைக்காரர்களை நாங்கள் குறை கூறவில்லை. போக்ஸ் கம்பியை விரலால் சுண்டி, ஓசையைக் கொண்டே சக்கரத்தின் கோட்டம் எடுப்பவர்கள் அவர்கள். அந்தச் செவிக்கு இந்தக் குமிழ் ஒரு பொருட்டே அல்ல. எங்கள் வண்டிகளோடு வந்த கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. யாரும் அவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. தமிழ் கற்பிக்கும் நாங்களும் அருவியின் அழகையே வகுப்பில் ஆண்டுதோறும் பேசிக்கொண்டிருந்தோம். அந்த அருவிச் சாரல் மாணவனின் கேபிளை என்ன செய்கிறது என்பதை எழுதும் பொறுப்பும் எங்களுடையதுதான் என்று தோன்றவே இல்லை.

எழுத உட்கார்ந்ததும் சொற்சிக்கல் வந்தது. எங்களில் ஒருவர் டீரெய்லருக்குத் 'தடமாற்றி' என்று பெயர் சூட்டினார். கடையில் அச்சொல்லைச் சொன்னபோது, "சார் ரயில்வேயில வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். கேபிள், அவுட்டர், கோட்டம் என்று பட்டறையில் புழங்கும் சொற்களிலேயே எழுதுவதென்று முடிவு செய்தோம். குமிழுக்கு மட்டும் அங்கும் பெயரில்லை. செய்து காட்டியபோது அவர் இருமுறை திருகிப் பார்த்து, காதைச் சக்கரத்தருகே கொண்டுபோய், "இவ்வளவுதானா?" என்றார். இப்போது அதை 'காது திருகி' என்கிறார். எங்கள் கைப்பிரதியிலும் அப்படியே திருத்திவிட்டோம்.