ஆண்டு விழாவும் ரசீது புத்தகமும்

ஊர் தரங்கம்பாடிப் பக்கம். பிழைப்பு திருவனந்தபுரத்தில் ஒரு வங்கியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் ஒரு ஆராதனை கிடைத்தால்தான் எனக்கு அந்த வாரம் ஓடும். அப்படிப் போய்வரும் ஒரு சபையில் போன வாரம் நோட்டீஸ் ஒன்று கொடுத்தார்கள். சபை ஸ்தாபித விழாவாம், சீர்திருத்தத் திருநாளோடு சேர்த்து. உள்ளே ஒரு பட்டியல்: 25,000 கொடுத்தால் சலவைக்கல்லில் பெயர், 10,000 என்றால் மலரில் போட்டோ, 5,000 என்றால் மேடையில் சால்வை.

இதற்கு மேலே லூத்தர் படம் வேறு :-)

1517 அக்டோபர் 31-ல் அந்த மனிதர் 95 கருத்துகளை எழுதி அனுப்பியது எதற்காக? பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராகத்தானே! அதில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்கு உண்டு. மைன்ஸ் நகரப் பேராயர் ஆல்பிரக்ட் பதவிக்காக ரோமுக்குக் கட்ட வேண்டிய தொகையை ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடனாக வாங்கினார். சீட்டு வசூலில் பாதி ரோமில் பேதுரு ஆலயம் கட்ட, மீதிப் பாதி இந்தக் கடனை அடைக்க. ஏழைக்குக் கொடுப்பதும் தேவைப்பட்டவனுக்குக் கடன் கொடுப்பதும் சீட்டு வாங்குவதைவிட மேல் என்பது லூத்தரின் 43-வது கருத்து. நோட்டீஸ் அடித்தவர்கள் அதுவரை படித்திருக்க மாட்டார்கள் போல.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருவிதாங்கூரில் நம் கதை எங்கே தொடங்கியது? தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய மயிலாடி வேதமாணிக்கம் கூப்பிட்டார். தரங்கம்பாடியில் இருந்த ரிங்கல்தௌபே 1806-ல் வந்தார். மயிலாடியில் 1809-ல் ஆலயம் எழுந்தது. கூட வந்து நின்றவர்கள் யார்? பெண்கள் மேலாடை போடக்கூட உரிமை இல்லாமல், தலைவரி கட்டிக்கொண்டிருந்த ஜனங்கள். சந்தா கட்டினால்தான் உள்ளே என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கு விழா ஏது?

இதை எழுதக் காரணம் நோட்டீஸ் மட்டும் அல்ல. சில மாதம் முன்பு அதே சபையில் ஒரு பெரியவர் இறந்தார். மூன்று வருஷச் சந்தா பாக்கி. அதைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று சொல்லிவிட்டார்கள். சவப்பெட்டி வண்டியிலேயே இருந்தது. மகன் ஏ.டி.எம். தேடி ஓடினான். ரசீது கிழித்த பிறகுதான் கேட் திறந்தது. நானும் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"பணம் இல்லாமல் சபை எப்படி நடக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் பி.காம். படித்தவன், கணக்குக்கு விரோதி இல்லை. காணிக்கை எடுங்கள், ஆடிட் செய்யுங்கள், வரவுசெலவை ஆலயக் கதவில் ஒட்டுங்கள். ஆனால் வசூலே ஆகாத கடனை எங்கள் வங்கிகளே கணக்கிலிருந்து எழுதித் தள்ளுகின்றன. கடன்காரர் செத்தால் வாரிசுக்கு நோட்டீஸ் அனுப்புவோமே தவிர, பாடையை மறிப்பதில்லை. வங்கிக்கு இருக்கிற இந்தக் குறைந்தபட்ச நாகரிகம் சபைக்கு வேண்டாமா?

ஆண்டு விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மேடையில் ஒரே ஒரு தீர்மானம் வாசியுங்கள்: சந்தா பாக்கிக்காக இனி எந்தச் சவத்தையும் கேட்டில் நிறுத்த மாட்டோம் என்று. வாசித்த அன்றைக்கே 5,000 கொடுக்கிறேன்.

சால்வை வேண்டாம். அந்த மகனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். அவன் வந்தால் நானும் கேட்க வேண்டியிருக்கிறது.