படகுத்துறையில் மீனவர் நிற்கட்டும்

கோடையில் குடும்பத்தோடு புதுச்சேரி நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றில் படகேறுவது நல்ல பொழுதுபோக்கு. அதைக் காக்க நீரை அறிந்தவர்கள் துறையில் நிற்க வேண்டும். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறைக் கூட்டம் பெருகுவதும் அப்போதுதான். அந்நாட்களில் வேலையிழக்கும் வைத்திக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களை அரசு கூலி கொடுத்துக் காவலுக்கு அமர்த்தலாம். கடல் வேறு, ஆறு வேறு என்பார்கள். உண்மைதான், அதற்குப் பயிற்சி கொடுக்கலாம். செலவாகுமே என்றால், படகுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம். புழுக்கம் தாளாமல் பிள்ளையின் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றும் பெற்றோரிடமும், கூடுதலாக ஆளேற்றும் படகோட்டியிடமும் ‘கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் இந்த மீனவர்களுக்கு வேண்டும்.