வந்த வழியை மறக்கலாமா?

கடந்த கோடையில் நாமும் நண்பர் ஒருவரும் மொன்றியலிலிருந்து காரிற் புறப்பட்டு, கப்பலேறி, நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குச் சென்றோம். சென்ற் ஷொட்ஸ் என்னும் மீனவக் கிராமத்துக்கு அண்மையில், ஒரு சிற்றூரில் இரவு தங்கினோம். கடலை மூடுபனி மறைத்திருந்தது.

"அன்றும் இப்படித்தான்" என்றார் நண்பர். 1986 ஆகஸ்ட் 11இல் அக்கடலில் இரு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழருள் அவரும் ஒருவர்.

மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களைக் கடலில் இறக்கிவிட்டு அகன்றது. கஸ் டால்ட்டன் என்ற மீனவரும் அவர் அழைப்பில் வந்தோரும் முதலில் உயிர்களைக் காத்தனர். விசாரணை பின்னரே வந்தது. இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் கூறியது பொய்யென வெளிப்பட்டதும் கண்டனம் எழுந்தது. எனினும் பிரதமர் மல்றோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

மொன்றியலிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் அமெரிக்க எல்லையிலுள்ள றொக்ஸம் வீதி 2023 மார்ச் 25இல் அகதிகளுக்கு அடைக்கப்பட்டது. "கள்ள வழியில் வருவோரைத் தடுத்தது நல்லதே" என்று நம்மவர் சிலர் கொண்டாட்ட மண்டபங்களிற் பேசக் கேட்டு வெட்கினோம். நேர்வழி திறந்திருந்தால் அந்த 155 பேரும் படகேறியிருப்பரா?

பிள்ளைகளை நயாகராவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரே, ஒருமுறை அக்கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். நாம் வந்த வழியை அவர்கள் அறியட்டும். அறிந்தவர், பின்னே வருவோருக்குக் கதவடைக்கத் துணியார்.