மடைக்கு விழுந்த பெருக்கல் குறி

சென்ற மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். நான்காம் வகுப்புச் சுவரில் பளபளவென்று திறன்மிகு பலகை. படத்தைப் பார்த்துச் சரியான சொல்லைத் தொட வேண்டும். வரப்பு வெட்டுப்பட்டுத் தண்ணீர் வயலுக்குள் பாய்கிற படம் வந்தது. ஒரு பையன் எழுந்து போய் ‘மடை’யைத் தொட்டான். ‘டொய்ங்’ என்ற சத்தத்தோடு சிவப்புப் பெருக்கல் குறி. விடை ‘வாய்க்கால்’ என்றது பலகை.

“இல்ல டீச்சர், இது மடைதான். எங்கப்பா மம்பட்டியால இப்படித்தான் வெட்டி விடுவாரு.”

“சரிடா, உட்காரு” என்று டீச்சர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். இன்னும் பதினான்கு படம் பாக்கி இருந்தது.

தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு பெருமையாகக் கணக்குச் சொல்கிறது. பிள்ளைகள் ஆர்வமாகப் படிக்கிறார்களாம். சர்க்கஸுக்கும்தான் ஆர்வமாகப் போகிறார்கள்.

அகராதிப் பேச்சை எடுக்காமல் என்னால் ஒரு கட்டுரையும் முடிக்க முடிவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. மொத்தம் 1,04,405 சொற்கள். 1992-ல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யில் சொற்கள் அதைவிட மிகக் குறைவு. ஆனால் இன்றைய தமிழில் ஒரு சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை வாக்கியத்தில் வைத்துக் காட்டியது அதுதான். அதைப் பதிப்பித்த க்ரியா ராமகிருஷ்ணன், அதன் மூன்றாம் பதிப்பு வந்த சில நாட்களில், 2020 நவம்பரில், கொரோனாவில் போனார். கடைசிவரை அவர் விடாமல் செய்த வேலை இது.

‘பிடி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, பிள்ளை அடம் பிடிக்கிறது, மழை பிடித்துக்கொள்கிறது, ஒருத்தரை நமக்குப் பிடித்துப்போகிறது. திரையில் இதற்கு என்ன படம் போடுவார்கள்? ஒரு கை, அதில் ஒரு பந்து. முடிந்தது ‘பிடி’. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படம் என்று பிள்ளைகளை நம்பவைப்பதற்குப் பெயர் சொல்வளம் அல்ல, சொல்லைக் காயடிப்பது.

நான் பழமைவாதியாம். சுவீடனையும் அப்படிச் சொல்லுங்கள் பார்ப்போம். பள்ளிகளைத் திரைமயமாக்குவதில் முன்னால் ஓடிய நாடு அது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் சர்வதேசத் தேர்வில் 2016-ல் 555 வாங்கியது, 2021-ல் 544-க்கு இறங்கியது. 2023-ல் பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்க மட்டும் 68.5 கோடி குரோனரை ஒதுக்கினார்கள். கொரோனாதான் காரணம் என்று யாராவது வருவார்கள். எதற்கெடுத்தாலும் கொரோனா!

ஐந்தாம் வகுப்பு வரை பலகையை அணையுங்கள். அதன் பராமரிப்புக்கு ஆகிற காசில் வகுப்புக்கு நான்கு அகராதி வாங்குங்கள், அழுக்காகட்டும், கிழியட்டும். தினமும் ஒரு சொல், அதற்குப் பிள்ளைக்கு ஒரு வாக்கியம். ஒரே வருடத்தில் நம் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிள்ளையையும் வாசிப்பில் முந்திவிடுவார்கள். முதல் நாள் சொல்லாக ‘மடை’யை வைத்துக்கொள்ளலாம். வாக்கியம் சொல்ல அந்தப் பையனைக் கூப்பிடுங்கள்.