உழைப்பின் உடையைப் பேணுவோம்

ஆண்டு மலரில் கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் எழுதுவது நம் வழக்கம். இவ்வாண்டு துணியைப் பற்றி எழுத விழைகின்றோம். தீபாவளிக்கு எடுக்கும் புத்தாடையைப் பற்றியன்று. பொழுது புலருமுன் பெற்றோர் அணிந்து செல்லும் வேலை உடையைப் பற்றி. இது சிறு செய்தியாயிற்றே என்று எவரும் புறந்தள்ள வேண்டா. குடும்பத்தின் பொருள், உடல்நலம், மானம் ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

தோட்டத்து வீடுகள் பலவற்றில் நாம் காணும் நிலை இது: பிள்ளையின் பள்ளிச் சீருடை நல்ல சவர்க்காரத்தில் துவைக்கப்பெற்று, நீலம் போடப்பெற்று, மடிப்புக் கலையாமல் இருக்கும். தந்தையின் வேலைச் சட்டையோ பின்கட்டு மூலையில் சுருண்டு கிடக்கும். "வேலைக்குத்தானே, எதைப் போட்டால் என்ன?" என்பார்கள். சீருடையைப் பேணுவது நன்றே. ஆயினும், அந்தச் சீருடையை வாங்கித் தந்தது மூலையில் கிடக்கும் அந்தச் சட்டையின் உழைப்பல்லவா?

பால்மரம் சீவுபவர் கத்தியைத் தீட்டாமல் நிரைக்குச் செல்வதில்லை. செம்பனைக் குலை அறுப்பவர் அரிவாளின் கூர் பாராமல் மரத்தடியில் நிற்பதில்லை. கருவியைப் பேண அறிந்த நாம், உடையும் ஒரு கருவியே என்பதை மறந்துவிடுகின்றோம். கொசுவையும் முள்ளையும் வெயிலையும் மருந்தையும் நம் தோலுக்கு முன்னால் நின்று தாங்குவது அதுவே. ஆகவே, வேலை உடைக்குக் கத்திக்குரிய கவனத்தைக் காட்ட வேண்டும் என்பது நம் கருத்து.

வேலைத் துணி விரைவில் நைந்துபோவதற்கு வேலையே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. மீதி வீட்டில் நிகழ்கின்றது. வியர்வையில் உப்பும் உடலின் எண்ணெய்ப் பசையும் உண்டு. நனைந்த சட்டையைச் சுருட்டிப் போட்டால், நம் நாட்டின் ஈரக் காற்றில் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடிக்கும். கரும்புள்ளிகளாகத் தோன்றும் அப்பூஞ்சை பருத்தி நூலையே உணவாகக் கொள்வது. புள்ளி விழுந்த இடத்தில் துணி இற்றுப்போகும். இதைத் தடுக்கப் பணம் வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்தவுடன் சட்டையைத் தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடியில் போட்டால் போதும். சவர்க்காரம் போட்டுத் துவைப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம். மாற்றி மாற்றி உடுத்த இரண்டு உடைகள் இருந்தால், ஒன்று நன்கு காய்வதற்கு நேரம் கிடைக்கும்.

கறைகளையும் அறிந்து நீக்க வேண்டும். கித்தாப் பால் ஈரமாய் இருக்கும்போது நீரோடு கலந்து போகும். காய்ந்தபின் அது ரப்பராகிவிடுகின்றது. ரப்பரைச் சவர்க்காரம் கரைக்காது. ஆதலின் பால் தெறித்த துணியைக் காயவிடாமல் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பாலை இறுகச் செய்யுமாதலால் அதைத் தவிர்க்க வேண்டும். செம்பனை எண்ணெய்க்கு முறை வேறு. அது சாதாரண வெப்பத்தில் பாதி உறைந்து கிடப்பது. குளிர்ந்த நீருக்கு அசையாது. வெதுவெதுப்பான நீரும் சவர்க்காரமும் அதற்கு வேண்டும். எண்ணெயின் செந்நிறம் காரட்டிலும் உள்ள கரோட்டின் என்னும் பொருளால் வருவது. துவைத்த பின்பும் எஞ்சிய நிறத்தை வெயில் மங்கச் செய்யும். பாலை உறைய வைக்கும் ஆசிட் பட்ட துணியோ நூல் வலிமை இழந்து, தொட்டால் கிழியும். ஆசிட் பட்டவுடன் உடையைக் களைந்து, உடலையும் துணியையும் நிறைய நீரால் கழுவுவதே முறை.

வெளுப்பு மருந்தை அளவின்றி ஊற்றுவதும் தவறு. அது கறையோடு நூலையும் அரிக்கும். பாலியஸ்டர் கலந்த வெள்ளைச் சட்டைகளைச் சில வேளைகளில் மஞ்சளாக்கியும் விடும். காவலர் பணிக்கும் தொழிற்சாலைக்கும் செல்லும் பெற்றோரின் சீருடைகள் பெரும்பாலும் இத்தகைய கலப்புத் துணிகளே. அவற்றை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பித் துவைத்து, அவ்வாறே உலர்த்தி, காய்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும். நாள் முழுதும் வெயிலில் தொங்கினால் சாயம் வெளுக்கும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டையும் குறைத்தே வைக்க வேண்டும்.

கிழிசலைச் சிறிதாய் இருக்கும்போதே தைத்துவிட வேண்டும். தோளிலும் முழங்காலிலும் துணி மெலியத் தொடங்கும்போதே உட்புறமாய் ஒட்டுப் போட்டால் அந்த உடை இன்னும் பல மாதம் உழைக்கும். எண்ணெய் ஆலையில் சுழலும் பொறிகளின் அருகே நிற்பவருக்கு, தொங்கும் கிழிந்த கைப்பகுதி உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். கழன்ற பித்தானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே விட இயலாது.

இனி, இக்கட்டுரையில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகின்றோம். மருந்து அடிக்கும் தொழிலாளரின் உடை மற்ற உடைகளைப் போன்றதன்று. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அதனால் நஞ்சு தோட்டத்தை விட்டே நீங்கிவிட்டது என்று கொள்ளலாகாது. வேறு களைக்கொல்லிகளும் பூச்சிக்கொல்லிகளும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மருந்து தெறித்த சட்டையைக் குழந்தையின் துணியோடு ஒரே வாளியில் ஊறவைத்தால், தந்தை சுமந்த நஞ்சு குழந்தையின் தோலுக்குச் சென்று சேரும். தாய் அதனை வெறுங்கையால் கசக்கினால் அவருடைய கைக்கும் ஏறும்.

ஆகவே, மருந்து உடையை வீட்டுக்குள் கொண்டு வரலாகாது. இயன்றால் வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றி வர வேண்டும். அந்த உடையைக் கையுறை அணிந்து, தனி வாளியில் முதலில் நீரால் அலசி, பின்னர் சவர்க்காரம் இட்டுத் துவைக்க வேண்டும். மருந்து மிகுதியாகப் பட்டிருந்தால் மீண்டும் ஒருமுறை துவைக்க வேண்டும். துவைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துவோர், பிறகு அதனை வெறும் நீரும் சவர்க்காரமும் இட்டு ஒருமுறை ஓட்டிக் கழுவ வேண்டும். கழுவிய நீரைக் கிணற்றருகிலோ ஆற்றிலோ கொட்டலாகாது. கலக்காத மருந்து ஊறிய துணியைச் சிக்கனம் கருதித் திரும்பவும் உடுத்தவே கூடாது. உடை நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று எழுதும் நாமே, அந்த ஓர் உடையை எறிந்துவிடுங்கள் என்கின்றோம். உடை உடலைக் காக்கவே. உடையைக் காக்க உடலைக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

இவையெல்லாம் தொழிலாளர் மட்டுமே சுமக்க வேண்டிய பொறுப்பு என்று நாம் கூறவில்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்பை உறுதி செய்யும் கடமையை முதலாளிமீது சுமத்துகின்றது. அச்சட்டத்தின்படி வழங்கப்படும் பாதுகாப்புப் பொருள்களுக்குத் தொழிலாளரிடம் பணம் பெறுதல் கூடாது. வழங்கப்பட்டதை அணிய வேண்டிய கடமை தொழிலாளருக்கும் உண்டு. கையுறை கிழிந்தால் புதிது கேட்பது இரப்பதாகாது, அது உரிமை. அதனைக் கேட்கத் தயங்க வேண்டா.

"பெரட்டுக்கு ஓடவும் சமைக்கவுமே நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானதே. வீட்டின் சலவை முழுவதும் ஒருவர் தலைமேல் விழுவதுதான் இதில் உள்ள குறை. உடுத்தியவர் தம் உடையைத் தாமே அலசிப் போடட்டும். மாணவச் செல்வங்களே, நீங்களும் பங்கேற்க வேண்டும். முதலாம் ஆண்டு மாணவரும் கொடியில் காய்ந்த துணியை மடித்து வைக்கலாம். நான்காம் ஆண்டுக்கு வந்தவர் பித்தான் தைக்கக் கற்கலாம். ஆண் பிள்ளைகளும் ஊசி பிடிக்கப் பழக வேண்டும் என்பது நம் உறுதியான எண்ணம். மருந்து உடையை மட்டும் நீங்கள் தொடவே கூடாது. அது பெரியவர்களின் வேலை. மண்ணெண்ணெய் கொண்டு ரப்பர்க் கறை நீக்குவதும் அவ்வாறே. அது தீப்பற்றும் பொருள்.

முன்னாளில் பள்ளி மாணவர் வார இறுதிதோறும் தம் வெள்ளைக் காலணிக்கு வெள்ளை பூசினர். 2021ஆம் ஆண்டு முதல் பள்ளிக் காலணி கறுப்பாகிவிட்டமையால் அவ்வழக்கம் மறைந்தது. பெற்றோருக்குச் சுமை குறைந்தது குறித்து மகிழ்கின்றோம். ஆனால், தன் பொருளைத் தானே பேணும் பயிற்சி அதனோடு மறைந்துவிடக் கூடாது. வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பெற்றோரின் வேலை உடைக்கென ஒதுக்கினால் அப்பயிற்சி தொடரும்.

இறுதியாக ஒன்று. பால் கறை படிந்த சட்டை கொடியில் தொங்குவதைப் பள்ளித் தோழர் பார்த்துவிடுவாரோ என்று கூசும் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அந்தக் கூச்சம் அகல வேண்டும். கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன மரபு நம்முடையது. அம்மரபு கந்தையைக் கண்டு நாணவில்லை, அழுக்கைக் கண்டே நாணியது. எத்துணை துவைத்தாலும் போகாத கறை உழைத்தவரின் அடையாளம். அதைத் துவைத்து, தைத்து, மடித்து, மறுநாள் காலையில் தந்தையின் கையிலும் தாயின் கையிலும் கொடுங்கள். வீட்டில் நீங்கள் பெறும் கல்வியில் அதுவும் ஒரு பாடமாகட்டும்.

— தலைமையாசிரியர்