தொடர்பாடற் கற்கையில் மாணவர் ஆய்வு: சடங்கா, தேடலா?

நமது பல்கலைக்கழகங்களில் தொடர்பாடலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர் தமது இறுதியாண்டில் ஆய்வேடொன்றைச் சமர்ப்பித்தல் வேண்டும். விரிவுரைக் குறிப்புகளை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் நிலையிலிருந்து அவர்களை விடுவித்து, தாமே வினா எழுப்பித் தாமே விடை தேடும் ஆற்றலை வளர்ப்பதே இவ்வேற்பாட்டின் நோக்கமாகும். அதனாலேயே இதற்குச் சுயாதீன ஆய்வு என்னும் பெயரும் வழங்குகின்றது. பெயர் பெரிது. ஆயின் அப்பெயரின்கீழ் நடைபெறுவது யாதென நேர்மையுடன் நோக்கின், பெரும்பாலானவற்றில் சுயாதீனமும் இல்லை, ஆய்வும் இல்லை என்றே கூற வேண்டியுள்ளது. இக்கூற்றுக் கடுமையானதெனச் சிலர் கருதலாம். கடுமை கூற்றில் இல்லை, நிலைமையில் உள்ளது.

ஆய்வேடுகளின் தலைப்புகளையே முதலில் நோக்குவோம். இளைஞரிடையே முகநூலின் தாக்கம். குடும்பப் பெண்களும் தொலைக்காட்சித் தொடர்நாடகங்களும். மாணவரின் வாசிப்புப் பழக்கத்தில் கைத்தொலைபேசியின் செல்வாக்கு. ஊரின் பெயர் மாறும், ஆண்டு மாறும், பிற எவையும் மாறா. முதலாம் அத்தியாயம் அறிமுகம். இரண்டாம் அத்தியாயத்தில் மேலைத்தேய அறிஞர் பதின்மரின் வரைவிலக்கணங்கள் வரிசையாக நிற்கும். மூன்றாவதில் வினாக்கொத்து வரும். அது விடுதி நண்பர் நூறு பேரிடம் ஒரே மாலையில் நிரப்பப்பட்டிருக்கும். நான்காவதில் வண்ண வண்ணமான வட்ட வரைபுகள். ஐந்தாவது அத்தியாயம், இவ்வூடகத்தால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, பெற்றோர் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்று முடியும். இம்முடிவை அறிவதற்கு ஓராண்டு உழைப்பு எதற்கு? நமது கிராமத்துப் பாட்டியிடம் கேட்டிருப்பின், வெற்றிலையை மடித்து முடிப்பதற்குள் சொல்லியிருப்பாரே!

இன்று கணினியே கட்டுரை எழுதித் தருகின்றது, இனி மாணவர் ஆய்வு என்னாகும் என்று கவலைப்படுவோர் பலர். அவர்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றையிட்டு. எந்த மனிதரையும் காணாமல், எந்தப் பத்திரிகையையும் புரட்டாமல், எந்த ஊருக்கும் போகாமல் ஒரு பொறி நிரப்பிவிடக்கூடிய ஆய்வேடு, அப்பொறி வருவதற்கு முன்னரும் வெறுமையானதாகவே இருந்தது. பொறி அவ்வெறுமையை வெளிப்படுத்தியது. அதனை உண்டாக்கியது நாம்.

இவ்வேடுகளில் தவறாது இடம்பெறும் அறிஞர்கள் உண்மையிற் செய்தது என்ன என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. மக்கோம்ஸ், ஷோ ஆகிய இருவரும் 1972 இல் வெளியிட்ட ஆய்வு, நிகழ்ச்சிநிரல் அமைத்தற் கோட்பாடு என்னும் பெயரில் நமது ஏடுகள் அனைத்திலும் வருகின்றது. 1968 ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தலின்போது, சப்பல் ஹில் என்னும் ஊரில், யாருக்கு வாக்களிப்பதென முடிவு செய்யாதிருந்த 100 வாக்காளரை அவர்கள் செவ்வி கண்டனர். அதே நூறு! நமது மாணவர் இந்த நூற்றை மட்டும் பற்றிக்கொண்டனர். அவ்வறிஞர்கள் செய்த மறுபாதியை மறந்தனர். அவ்வாக்காளர்கள் வாசித்த பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் அவர்கள் பார்த்த தொலைக்காட்சிச் செய்திகளையும் ஆய்வாளர் அதே காலப்பகுதியில் வகுத்து எண்ணினர். மக்கள் முக்கியமெனச் சொன்னதை ஊடகம் முக்கியமாக்கியதோடு ஒப்பிட்டனர். நமது ஏடுகளில் மக்கள் என்ன நினைக்கின்றனர் என்பது மட்டுமே உண்டு. அவர்கள் எதைப் படித்தனர், எதைக் கேட்டனர் என்பதை ஆய்வாளர் ஒருநாளும் படித்ததுமில்லை, கேட்டதுமில்லை. ஊடகத்தைத் திறந்து பாராத ஊடக ஆய்வு எத்தகைய விந்தை!

லசார்ஸ்பெல்டும் அவர்தம் துணைவரும் 1940 இல் ஒகாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்திற் செய்த ஆய்வும் இத்தகையதே. மே மாதந் தொடங்கி நவம்பர் வரை, 600 பேர் கொண்ட ஒரே குழுவினரிடம் திரும்பத் திரும்பச் சென்றனர். வானொலியும் பத்திரிகையும் வாக்காளரை எவ்வாறு மாற்றுகின்றன என்று அறியவே அவர்கள் புறப்பட்டனர். அங்குக் கண்டதோ, அயலவரும் நண்பரும் நேரிற் பேசும் பேச்சின் வலிமை. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று. விடை இன்னதென முன்கூட்டியே தெரியாத நிலைதான் ஆய்வுக்கு முதல் நிபந்தனை. அந்நிபந்தனையை விட்டுவிட்டு, 1944 இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வின் முடிவை மட்டும் பெயர்த்தெழுதுதல், பிறர் உண்ட இலையை எண்ணுவதன்றி வேறில்லை.

இஃது ஏட்டுப் புலமை பற்றிய சச்சரவு மாத்திரமன்று. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்ட லயங்களின்மீது மலை சரிந்து வீழ்ந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணினுள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானதென்றும் மக்களை அப்புறப்படுத்த வேண்டுமென்றும் 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தமை பின்னர் நாடறிந்த செய்தியாயிற்று. எச்சரிக்கை இருந்தது, மக்களும் அங்கேயே இருந்தனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியே நமது துறையின் பாடப்பொருள்.

லாஸ்வெல் 1948 இல் வகுத்த ஐந்து வினாக்களை நமது மாணவர் நித்திரையிலும் ஒப்புவிப்பர். யார், எதனை, எவ்வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொன்னார்? அவ்வினாக்களை அம்மலைச்சரிவிற் கேட்டுப் பாருங்கள். எச்சரிக்கை எந்த மொழியில் எழுதப்பட்டது? யாருடைய மேசையில் தங்கியது? தோட்ட நிர்வாகத்திடமிருந்து லயத்து வாசலுக்கு அதனை எடுத்துச் சென்றவர் யார்? கங்காணியா, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரா, கிராம உத்தியோகத்தரா? கேட்டவர் அதனை நம்பினாரா? நம்பியிருப்பினும், மாற்றுக் காணி இல்லாத ஒருவருக்கு ‘இவ்விடத்தை விட்டுப் போ’ என்பது எச்சரிக்கையா, ஏளனமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு வட்ட வரைபு தேவையில்லை. மலையகத்தில் மண்சரிவு அபாயம் எச்சரிக்கப்பட்ட தோட்டங்கள் பல உள்ளன. அத்தோட்டங்களிலிருந்து வந்த மாணவர் நமது விரிவுரை மண்டபங்களில் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் தமது லயத்திற்கு வந்த ஓர் எச்சரிக்கை எவ்வழி வந்தது என்பதை மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தொடர்ந்து எழுதுவாராயின், அவ்வேடு நூறு ‘தாக்க’ ஆய்வுகளுக்கு ஈடாகும். ஆனால் நாமோ அம்மாணவரிடம், முகநூலின் தாக்கம் பற்றி எழுதுமாறு கூறுகின்றோம்.

இரண்டாவதாகக் கருத வேண்டியது, சான்றுகள் அழிந்துகொண்டிருக்கும் வேகம். 1841 இல் உதயதாரகை வெளிவந்த நாள் முதலாக ஈழத்தில் தமிழ்ப் பத்திரிகை உண்டு. 1882 இல் சித்திலெவ்வையின் முஸ்லிம் நேசனும், 1924 இல் நடேசய்யரின் தேசபக்தனும் வெவ்வேறு வாசகரை நோக்கிப் பேசின. இவற்றின் இதழ்த் தொகுதிகளை முழுமையாகக் காண்பது எளிதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் எரிந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் அச்சிட்டவற்றுட் பலவற்றைக் காத்துள்ளன. அச்சேறாதவற்றைக் காப்பவர் யார்? 1990 களில் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் நம் மக்கள். ஒருவர் மிதிக்க, அயலெல்லாம் கூடியிருந்து செய்தி கேட்டது. செய்தித்தாள் கிடையாத காலத்திற் கொப்பித்தாளிலும் பத்திரிகை அச்சாகியது. தோட்டங்களில் தப்பொலி தொழிலாளரைப் பெரட்டுக்களத்திற்கு அழைத்தது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஊருக்குச் செய்தி சொல்கின்றது. இவற்றை நேரிற் கண்டு, கேட்டு, இயக்கியவர் முதுமையடைகின்றனர். இன்று கேளாத கேள்வியை இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கப் போனால், பதில் சொல்ல ஆளிராது.

சிறிய வினாவே நல்வினா என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். நமது பத்திரிகைகளின் மரண அறிவித்தற் பக்கத்தை யாவரும் வாசிக்கின்றோம். இறந்தவரின் பிள்ளைகளும் மருமக்களும் பெயர் சொல்லி நிரைப்படுத்தப்படுவர். ஒவ்வொருவரின் பின்னும் அவர் வாழும் ஊரோ நாடோ குறிக்கப்படும். ஒரே பத்திரிகையில், ஐந்தாண்டுக்கு ஒரு முறை, ஒரே மாதத்து அறிவித்தல்களை எடுத்து அவ்விடப் பெயர்களை எண்ணி வருவோமாயின், ஒரு சமூகம் உலகெங்கும் சிதறிய வரலாறு கண்முன் விரியும். கூடவே, மரண அறிவித்தல் என்பது அயலூருக்குச் செய்தி சொல்வதிலிருந்து கடல்கடந்த உறவைப் பறைசாற்றுவதாக எப்போது மாறியது என்னும் தொடர்பாடல் வினாவும் எழும். இதற்கு வேண்டுவன ஒரு பென்சில், ஒரு கொப்பி, நூலகத்திற் சில வாரங்கள். எண்ணிக்கைக்கு நாம் எதிரிகள் அல்லர். எண்ணத்தக்கதை எண்ணுக என்பதே நம் வாதம்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நாம் அறியாமலில்லை. இளங்கலை மாணவரிடம் இத்துணை எதிர்பார்க்கலாமா என்பர் சிலர். முறையியலில் அவர் பயிற்சி குறைந்தவர் என்பது உண்மையே. ஆயின் தமது ஊரின் மொழி, உறவு, ஒழுங்கை ஆகியவற்றை எந்தப் பேராசிரியரிலும் நன்கறிந்தவர் அவரே. வெளியூர் ஆய்வாளருக்குத் திறவாத கதவு அவருக்குத் திறக்கும். இப்பெருஞ் செல்வத்தை வாயிலில் விட்டுவிட்டு வருமாறு அவரைப் பணிப்பது கல்வியாகாது. காலமும் பணமும் போதா என்பர் வேறு சிலர். அச்சுப்படி எடுப்பதற்கும் வண்ண வரைபுகளுக்கும் செலவிடும் பணத்தில் ஊருக்கு நான்கு தடவை பேருந்திற் சென்று வரலாம். வினாக்கொத்தே விஞ்ஞான முறையானது, பிறவெல்லாம் கதை சேகரித்தல் என்பது மூன்றாவது மறுப்பு. பேராசிரியர் சிவத்தம்பி 1981 இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடற் சாதனமாக ஆராய்ந்தபோது, திரையரங்க வாயிலில் வினாக்கொத்து நீட்டிக்கொண்டு நின்றாரில்லை. அவ்வாய்வை விஞ்ஞானமற்றதென எவரேனும் ஒதுக்குவரா?

குற்றம் முழுவதையும் மாணவர்மீது சுமத்துவது அநீதியாகும். வடிவத்திற்குப் புள்ளி வழங்கினால் வடிவமே வரும். ஓரங்குல இடைவெளி சரியா, உசாத்துணைப் பட்டியல் நீளமா என்று நோக்கும் மதிப்பீட்டாளர், இவர் யாரைச் சந்தித்தார், எதை வாசித்தார், எங்கே தாம் எண்ணியது பிழைத்தது என்று வினவுவதில்லை. ஒரு மேற்பார்வையாளரிடம் அளவுக்கு மிஞ்சிய மாணவரை ஒப்படைத்துவிட்டு, அவர் ஒவ்வொருவருக்கும் வழிகாட்டுவார் என எதிர்பார்க்கும் நிருவாகமும் இதிற் பங்காளியே. ஆசிரியருக்கு வசதியான தலைப்பு, மாணவருக்கு வசதியான மாதிரி, நிருவாகத்திற்கு வசதியான திகதி: இம்மூன்று வசதிகளும் கூடிப் பெற்ற பிள்ளைதான் நாம் சுயாதீன ஆய்வு என்று அழைப்பது.

ஆதலின் துறைகளிடம் நாம் வேண்டுவன சில. முதலாவது, விடை முன்னரே தெரிந்த தலைப்பு எதுவும் ஏற்கப்படலாகாது. இரண்டாவது, ஒவ்வோர் ஆய்வேடும் மாணவர் தாமே தேடிக் கண்ட மூலச்சான்று ஒன்றின்மீதாவது நிற்றல் வேண்டும். அது பத்திரிகைத் தொகுதியாகலாம், ஒலிப்பதிவாகலாம், ஒருவரின் வாய்மொழியாகலாம். மூன்றாவது, களக் குறிப்பேடும் மதிப்பிடப்படுதல் வேண்டும். நான்காவது, சொன்னவரின் சம்மதம் பெறுதலும், பெயரை மறைக்க வேண்டியவிடத்து மறைத்தலும் கட்டாயமாதல் வேண்டும். நமது நாட்டில் ஒருவர் பேசிய பேச்சு அவருக்கே தீங்காய் முடிந்த காலங்கள் உண்டு. ஐந்தாவது, ஏற்கப்பட்ட ஏட்டின் ஒரு பிரதி நூலகத்தில் யாவரும் வாசிக்கத்தக்கதாக வைக்கப்படுதல் வேண்டும். அதன் சுருக்கம், செய்தி தந்த ஊருக்கும் திரும்பிச் செல்லுதல் வேண்டும். தொடர்பாடலைக் கற்றோர் எழுதியவை அலுமாரியிற் பூட்டப்பட்டு எவருக்கும் எட்டாதிருப்பதைக் காட்டிலும் பெரிய முரண்பாடு இத்துறைக்கு வேறில்லை.

மாணவ நண்பர்களே, இவை அனைத்தும் நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தவணையில் உங்களிடம் தலைப்புக் கேட்கப்படும். அப்போது பழைய ஏடுகளின் பட்டியலைப் புரட்டாது, உங்கள் ஊருக்கு வந்து சேராத செய்தி எது, ஊரிலிருந்து வெளியே போய்ச் சேராத குரல் எது என்று சிந்தியுங்கள். அவ்வினாவோடு மேற்பார்வையாளரின் கதவைத் தட்டுங்கள். மறுப்பாராயின், ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேதான் உங்கள் சுயாதீனம் தொடங்குகின்றது.